மீன்பிடி உரிமம் வாங்க சமூகப் பாதுகாப்பு எண் எதற்கு?

தூண்டில்காரன் | டாலஸ்

டெக்சாஸில் ஆகஸ்ட் 31 உடன் மீன்பிடி உரிமத்தின் ஆண்டு முடிகிறது. புதியதை எடுக்க வழக்கமாகப் போகும் கடைக்குப் போனேன். நன்னீர் உரிமம், 30 டாலர். முகவரி கேட்டார்கள், கொடுத்தேன். பிறகு சமூகப் பாதுகாப்பு எண்ணைக் கேட்டார்கள். வங்கிக் கணக்குக்குக் கொடுக்கும் எண்ணைக் கெண்டை பிடிக்கவும் கொடுக்க வேண்டுமா என்று தயங்கினேன். வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற பெரியவர், "பிள்ளைக்குப் பணம் கட்டாதவர்களைப் பிடிக்கத்தான்" என்று சொல்லிச் சிரித்தார்.

வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன். அவர் சொன்னது உண்மைதான். விவாகரத்துக்குப் பிறகு பிள்ளைக்குக் கொடுக்க வேண்டிய பராமரிப்புத் தொகையை நிலுவையில் வைத்தால் மீன்பிடி உரிமம், வேட்டை உரிமம் எல்லாவற்றையும் முடக்கலாமாம். எனக்கு அந்த நிலுவை எதுவும் இல்லை. இருந்தாலும் கேட்கிறேன்: ஏரியில் இருக்கும் மீனுக்கும் நீதிமன்ற ஆணைக்கும் என்ன சம்பந்தம்? வசூலிக்க வேறு வழியே இல்லையா?

கோப்புக்காரி | ஹூஸ்டன்

நான் வழக்கறிஞர் இல்லை. குடும்ப வழக்குகள் பார்க்கும் ஓர் அலுவலகத்தில் கோப்பு தயாரிப்பவள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பராமரிப்புத் தொகையை வசூலிக்கும் வேலையில் மத்திய அரசு 1975இல் இறங்கியது. மாநிலங்கள் அலுவலகம் நடத்த வேண்டும், செலவில் பெரும்பங்கை வாஷிங்டன் தரும் என்பது ஏற்பாடு. இன்று அந்தப் பங்கு 66 சதவீதம். 1996 ஆகஸ்டில் கிளின்டன் கையெழுத்திட்ட நலத்திட்டச் சீர்திருத்தச் சட்டம் மாநிலங்களுக்கு மேலும் ஒரு கட்டளை போட்டது: நிலுவை வைத்திருப்பவரின் ஓட்டுநர் உரிமம், தொழில் உரிமம், பொழுதுபோக்கு மற்றும் விளையாட்டு உரிமம் ஆகியவற்றை நிறுத்தவோ கட்டுப்படுத்தவோ உங்களுக்கு அதிகாரம் இருக்க வேண்டும், தகுந்த வழக்குகளில் அதைப் பயன்படுத்தவும் வேண்டும். உரிம விண்ணப்பத்தில் சமூகப் பாதுகாப்பு எண்ணைப் பதிய வேண்டும் என்ற விதியில் பொழுதுபோக்கு உரிமமும் 1997இல் சேர்ந்தது. கடைக்காரர் உங்களைக் கேட்டது அதனால்தான். திருமண உரிமத்துக்கும் அதே எண்ணைக் கேட்கிறார்கள், கவனித்திருப்பீர்கள்.

மாநிலங்கள் மறுக்கலாமே என்று கேட்பீர்கள். மறுத்தால் அந்த 66 சதவீதத்தை மறக்க வேண்டியதுதான். கன்சாஸ் மாநிலம் வழக்குப் போட்டுப் பார்த்தது. 2000இல் பத்தாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், பணம் வாங்குகிறாய் என்றால் நிபந்தனையையும் ஏற்றுக்கொள் என்கிற கணக்கில் தீர்ப்புச் சொல்லி அனுப்பிவிட்டது.

கண்டிப்பு | மிச்சிகன்

பெற்ற பிள்ளைக்குச் சோறு போடாதவனுக்கு மான் வேட்டை ஒரு கேடா? சட்டம் சரிதான். இதில் விவாதிக்க எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

நடைபாதை

ஊரைச் சொல்ல விரும்பவில்லை. எனக்கு இருப்பது டெக்சாஸ் அல்லாத வேறொரு மாநிலத்தின் ஆணை. நல்ல சம்பளம் வாங்கிய காலத்தில் போட்ட தொகை. நிறுவனம் ஆட்களைக் குறைத்தபோது வேலை போனது. அதற்கடுத்த மாதமும் அதே தொகை, அதற்கடுத்த மாதமும் அதே தொகை. கையிருப்பு கரைந்த பிறகு பாதி கட்டினேன், பிறகு கால்வாசி. இப்போது உறை வந்திருக்கிறது: ஓட்டுநர் உரிமம், பொழுதுபோக்கு உரிமம், தொழில் உரிமம் அனைத்தும் முடக்கப்படக்கூடும்.

கண்டிப்பு ஐயா, நான் மான் சுட்டதில்லை. மாதத்தில் இரண்டு சனிக்கிழமை மகன் என்னுடன் இருப்பான். உணவகத்துக்கோ திரையரங்குக்கோ அழைத்துப் போகக் காசில்லாதவனுக்கு ஏரிக்கரை ஒன்றுதான் மிச்சம். அதையும் எடுத்தால் பையனை எங்கே கூட்டிப்போவது?

கண்டிப்பு | மிச்சிகன்

பூங்கா இல்லையா தம்பி? நூலகம் இல்லையா? உங்கள் கஷ்டம் புரிகிறது. ஆனால் எல்லா நிலுவைக்காரரும் உங்களைப்போல வேலை இழந்தவர் என்று நினைத்துவிடாதீர்கள். படகு வைத்துக்கொண்டு கட்டாதவர்களையும் பார்த்திருக்கிறேன்.

கோப்புக்காரி | ஹூஸ்டன்

நடைபாதை, மற்ற விவாதம் இருக்கட்டும். முதலில் உங்கள் உறை. அதைப் பிரித்துப் பக்கம் பக்கமாகப் படியுங்கள். பணம் கட்டுவது, தவணைத் திட்டத்துக்கு ஒப்புக்கொள்வது, விசாரணை கேட்பது என்று வழிகள் சொல்லியிருப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் கெடு இருக்கும். மேசை இழுப்பறையில் போட்டு மூடியவர்கள்தான் எங்கள் அலுவலகத்துக்கு மிகத் தாமதமாக வருகிறார்கள்.

இரண்டாவது, இதைவிட முக்கியம். தொகையைக் குறைக்கச் சொல்லி மனு கொடுத்துவிட்டீர்களா? வேலை போனால் தொகை தானாகக் குறையும் என்று பலர் நினைக்கிறார்கள். குறையாது. 1986இல் வந்த பிராட்லி திருத்தத்தின்படி, கட்ட வேண்டிய தேதி தாண்டிய ஒவ்வொரு தவணையும் தீர்ப்பான கடனாகிவிடுகிறது. நியாயமான காரணம் இருந்தாலும் நீதிபதியால் பின்னோக்கிப் போய் அதைக் குறைக்க முடியாது. மனு கொடுத்து எதிர்த்தரப்புக்கு அறிவிப்பு போன நாளுக்குப் பிறகு வரும் தவணைகளை மட்டுமே மாற்றலாம். நீங்கள் காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் கல்லில் எழுதிய கடன். டெக்சாஸில் அதற்கு ஆண்டுக்கு 6 சதவீத வட்டி வேறு.

தூண்டில்காரன் கேட்ட "வேறு வழியே இல்லையா" என்பதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். இருக்கிறது, அதுதான் பிரதான வழியும். நாடு முழுவதும் வசூலாகும் தொகையில் ஏறத்தாழ முக்கால் பங்கு நேராகச் சம்பளத்தில் பிடிக்கப்படுவது. கையில் கிடைக்கும் வருமானத்தில் சூழ்நிலையைப் பொறுத்து 50 முதல் 65 சதவீதம் வரை பிடிக்க மத்தியச் சட்டம் இடம் தருகிறது. வருமான வரியில் திரும்பக் கிடைக்கும் தொகை, வேலையின்மை உதவித்தொகை ஆகியவற்றிலும் கை வைப்பார்கள். உரிமத்தைத் தொடுவதெல்லாம் சம்பளச் சீட்டு இல்லாதவர்களிடம். சொந்தத் தொழில் செய்பவர், கையில் ரொக்கமாக வாங்குபவர், வேலையே இல்லாதவர். முதல் இரண்டு பேருக்கும் மூன்றாமவருக்கும் உள்ள வித்தியாசம் கணினிக்குத் தெரியாது என்பதில்தான் சிக்கல் முழுவதும்.

மீனாட்சி | மிசௌரி

இதுவரை பேசியவர்கள் யாரும் பணம் வாங்க வேண்டிய இடத்தில் இல்லை என்று நினைக்கிறேன். நான் இருக்கிறேன்.

என் மகளின் தந்தை சொந்தமாகக் கட்டட வேலை எடுத்துச் செய்பவர். சம்பளச் சீட்டு கிடையாது, ஆகவே பிடித்தம் கிடையாது. "வேலை மந்தம்" என்பார். அதே வாரம் புதுப் படகின் முன்னால் நின்று பெரிய மீனைத் தூக்கிப் பிடித்த புகைப்படம் வரும். பள்ளிச் சுற்றுலாவுக்குப் பணம் இல்லை என்று என் மகளிடம் சொல்லிவிட்டு அந்தப் படத்தைப் பார்க்கும் இரவு எப்படி இருக்கும் என்று கண்டிப்பு ஐயாவுக்குச் சொல்லத் தேவையில்லை, தூண்டில்காரனுக்குச் சொல்கிறேன்.

இங்கே மூன்று மாதத் தொகை அல்லது 2,500 டாலர், இரண்டில் எது குறைவோ அந்த அளவு நிலுவை வந்தால் உரிமங்களை முடக்க நடவடிக்கை எடுக்கலாம். அவருக்கு அறிவிப்பு போனது. நவம்பரில் துப்பாக்கி மான் வேட்டை தொடங்கும். அதற்கு முன் ஒரு பெரிய தொகை வந்து விழுந்தது. உரிமம் கடைசிவரை பறிக்கப்படவே இல்லை. கடிதமே வேலை செய்துவிட்டது.

மகளின் பல் மருத்துவச் செலவைப் பற்றி நான் அனுப்பிய செய்திகளுக்குப் பதில் இல்லை. மானுக்கு மட்டும் பதில் வந்தது. எனக்கு அதில் மகிழ்ச்சி ஒன்றும் இல்லை. பணம் வந்தது, அவ்வளவுதான்.

தூண்டில்காரன் | டாலஸ்

மீனாட்சி அம்மா, நீங்கள் சொன்னதைப் படித்தபின் என் கேள்வியின் தொனி கொஞ்சம் மாறுகிறது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். டெக்சாஸ் மாநிலப் பூங்காவின் எல்லைக்குள் கரையிலிருந்தோ நடைமேடையிலிருந்தோ மீன் பிடிக்க உரிமமே தேவையில்லை. டாலஸுக்கு வடக்கே ரே ராபர்ட்ஸ் ஏரிப் பூங்காவில் வாரம் முழுவதும் உட்கார்ந்திருக்கலாம். எத்தனை மீன், எந்த நீளம் என்ற வரம்புகள் மட்டும் பொருந்தும். 17 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு எங்குமே உரிமம் வேண்டாம். ஜூன் முதல் சனிக்கிழமை எல்லாருக்கும் இலவசம். ஆகவே முடக்கினாலும் மனிதன் மீன் பிடிக்கலாம். பிறகு இந்தச் சட்டம் யாரைப் பயமுறுத்துகிறது?

மீனாட்சி | மிசௌரி

படகு வைத்திருப்பவரைப் பயமுறுத்துகிறது. பூங்கா நடைமேடையில் பிளாஸ்டிக் வாளியுடன் உட்கார்ந்திருப்பவரை இல்லை. அது நல்லதுதானே?

கோப்புக்காரி | ஹூஸ்டன்

இந்த இழையிலேயே மிகச் சரியான பேச்சு மீனாட்சி சொன்னதுதான். நான் இத்தனை நேரம் சுற்றி வளைத்ததை இரண்டு வரியில் முடித்துவிட்டார்.

என் கருத்து இது. பறிக்கக்கூடிய உரிமங்களில் மீன்பிடி உரிமமும் வேட்டை உரிமமும்தான் முதலில் பறிக்க ஏற்றவை. ஏனென்றால் அவை போனால் சம்பாதிக்கும் வழி அடைபடாது. ஹூஸ்டனில் கார் இல்லாமல் ஒருவர் எப்படி வேலைக்குப் போவார்? செவிலியரின் உரிமத்தையோ லாரி ஓட்டுநரின் உரிமத்தையோ முடக்கிவிட்டு, பணம் எங்கே என்று கேட்டால் எங்கிருந்து வரும்? ஓட்டுநர் உரிமத்தில் கைவைக்கும் வழக்கத்தை 1993இலேயே மெய்ன் மாநிலம் தொடங்கி வைத்தது. நல்ல வசூல் வந்ததாகப் பெயர் கிடைத்தது, மற்றவர்களும் பின்தொடர்ந்தார்கள். நிலுவை யாரிடம் குவிந்திருக்கிறது என்பதைப் பிற்பாடுதான் கவனித்தார்கள். ஒன்பது பெரிய மாநிலங்களை வைத்து அர்பன் நிறுவனம் 2007இல் வெளியிட்ட ஆய்வின்படி, நிலுவைத் தொகையில் 70 சதவீதம் ஆண்டு வருமானம் 10,000 டாலரைக்கூட எட்டாதவர்களின் அல்லது பதிவான வருமானமே இல்லாதவர்களின் பெயரில் இருந்தது. இவர்களிடம் காரைப் பிடுங்கி என்ன காணப்போகிறோம்?

ஆனால் நடைமுறையில் படிப்படியாகப் போவதில்லை. நடைபாதைக்கு வந்த உறையைப் பாருங்கள், மூன்று உரிமமும் ஒரே மூச்சில். மீன்பிடி உரிமத்தை முதல் எச்சரிக்கையாக வைத்து, அதற்கும் அசையாத படகுக்காரரிடம் அடுத்த படிக்குப் போவதுதான் முறையாக இருக்கும்.

டெக்சாஸில் என்ன நிபந்தனை என்று ஒருவர் தனிச்செய்தியில் கேட்டார். குடும்பச் சட்டத்தொகுப்பின் 232ஆம் அத்தியாயம். மூன்று மாதத் தொகைக்குச் சமமாகவோ அதிகமாகவோ நிலுவை இருக்க வேண்டும், தவணையில் கட்ட வாய்ப்புக் கொடுத்திருக்க வேண்டும், அந்தத் தவணையையும் தவறவிட்டிருக்க வேண்டும். மூன்றும் சேர வேண்டும்.

கண்டிப்பு | மிச்சிகன்

முதலில் மீன், பிறகு கார் என்கிறீர்கள். பிள்ளைக்குப் பசி முதலில் வருமா, பிறகு வருமா? படி படியாக ஏறிக்கொண்டிருந்தால் பிள்ளை கல்லூரிக்கே போய்விடும்.

ஏரி_காவலன் | மினசோட்டா

எல்லாரும் மறந்த ஒரு தரப்புக்காகப் பேசுகிறேன், மீன்களுக்காக. இந்நாட்டு மாநிலங்களில் ஏரியைப் பராமரிப்பதும் குஞ்சு விடுவதும் பெருமளவு உரிமக் கட்டணத்தில்தான் நடக்கிறது. அதுமட்டுமல்ல. 1937இல் வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டம் துப்பாக்கி, தோட்டா மீதும், 1950இல் வந்த டிங்கல்-ஜான்சன் சட்டம் தூண்டில் சாமான்கள் மீதும் வசூலாகும் வரியை மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுக்கின்றன. பங்கு போடும்போது மாநிலத்தின் பரப்பளவுடன் பணம் கட்டி உரிமம் வாங்கியவர்களின் எண்ணிக்கையையும் பார்ப்பார்கள். ஒருவரின் உரிமத்தை முடக்கினால் வனவிலங்குத் துறைக்கு இரண்டு பக்கமும் நட்டம். இன்னொரு துறையின் கடனுக்கு இந்தத் துறை ஜாமீன் போட்ட கதை.

கண்டிப்பு | மிச்சிகன்

மீனுக்காகப் பரிந்து பேசுகிறவர் அதைப் பிடிக்கவும் செய்கிறாரே!

ஸ்கார்பரோ_அண்ணன் | ரொறன்ரோ

இங்கும் கிட்டத்தட்ட இதே கதைதான். ஒன்ராறியோவில் குடும்பப் பொறுப்பு அலுவலகம் என்று ஒன்று இருக்கிறது. பராமரிப்புப் பணம் அதன் ஊடாகத்தான் போய்வரும். நிலுவை ஏறினால் சாரதி அனுமதிப்பத்திரத்தை இடைநிறுத்துவார்கள். கடவுச்சீட்டு மத்திய அரசின் கையில். மூன்று தவணை முழுமையாகக் கட்டாவிட்டாலோ நிலுவை 3,000 டொலரைத் தொட்டாலோ அதை மறுக்கக் கோரலாம்.

எங்கள் ஆட்களுக்குக் கடவுச்சீட்டுத்தான் உயிர். யாழ்ப்பாணத்தில் தாய் சுகமில்லாமல் கிடக்கும்போது விமானம் ஏற முடியாமல் நின்ற ஒருவரை எனக்குத் தெரியும். அதேநேரம் அந்த மனுசன் கோயில் திருவிழாவுக்கு உபயம் செய்யப் பின்நின்றதில்லை. அவருக்காக இரங்குவதா, அவருடைய பிள்ளைகளுக்காக இரங்குவதா என்று அன்று எனக்கு விளங்கவில்லை. மீன்பிடிப் பத்திரம் போனால் யாரும் அழமாட்டார்கள், தங்கச்சி கோப்புக்காரி சொல்வது அந்தளவில் சரி.

கோப்புக்காரி | ஹூஸ்டன்

அண்ணா, அமெரிக்காவிலும் கடவுச்சீட்டு உண்டு. 1996இல் 5,000 டாலருக்கு மேல் நிலுவை என்று வைத்தார்கள், பிறகு 2,500 டாலர் ஆக்கினார்கள்.

கிரீன்கார்டு_காத்திருப்பு | நியூ ஜெர்சி

நாங்கள் இந்தியக் கடவுச்சீட்டில் இருப்பவர்கள். எங்களுக்கு இதெல்லாம் ஒட்டாது அல்லவா?

கோப்புக்காரி | ஹூஸ்டன்

கடவுச்சீட்டு விதி ஒட்டாது. மீன்பிடி உரிமம், ஓட்டுநர் உரிமம் எல்லாம் ஒட்டும், அவற்றுக்குக் குடியுரிமை பொருட்டல்ல. இன்னொன்று நிச்சயமாக ஒட்டும். நாளை குடியுரிமைக்கு என்-400 படிவம் நிரப்பும்போது நன்னடத்தையைப் பார்ப்பார்கள். தன்னைச் சார்ந்தவர்களுக்கு வேண்டுமென்றே பராமரிப்புத் தராமல் இருந்தது, தகுந்த காரணம் காட்டாவிட்டால், நன்னடத்தைக்கு எதிராக நிற்கும். ஆகவே கட்டியதற்கான ரசீதுகளையும், கட்ட முடியாத மாதங்களில் ஏன் முடியவில்லை என்பதற்கான தாள்களையும் பத்திரமாக வைத்திருங்கள். 30 டாலர் உரிமத்தைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம், நம்மவர்களுக்கு உண்மையில் வலிக்கும் இடம் இதுதான்.

வைகைக்கரை | மதுரை

நான் இங்கே வழக்கறிஞர். ஒரு கேள்வி அடிக்கடி என்னிடம் வருவதால் எழுதுகிறேன். இங்கே குற்றவியல் நடைமுறைச் சட்டம் 125ஆம் பிரிவில், 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தின் 144ஆம் பிரிவில், பராமரிப்பு ஆணை வாங்கலாம். கட்டாவிட்டால் ஒவ்வொரு மாத நிலுவைக்கும் ஒரு மாதம் வரை சிறை. உரிமத்தை முடக்கும் ஏற்பாடு இந்தப் பிரிவில் இல்லை. சிறைக்குப் போய் வந்தாலும் கடன் தீராது, அது வேறு விஷயம்.

மதுரை நீதிமன்றத்தில் ஆணை வாங்கிய பெண்கள், கணவர் டெக்சாஸில் இருந்தால் அங்கே உரிமத்தை முடக்கச் சொல்லலாமா என்று கேட்கிறார்கள். கோப்புக்காரி அம்மாதான் சொல்ல வேண்டும்.

கோப்புக்காரி | ஹூஸ்டன்

தானாக நடக்காது சார். பராமரிப்பு வசூலுக்கான 2007ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கை அமெரிக்காவில் 2017 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. இந்தியா அதில் சேரவில்லை. ஆகவே இந்திய ஆணையை இங்குள்ள நீதிமன்றம் முதலில் ஏற்க வேண்டும். அதற்கு இங்கே ஒரு வழக்கறிஞர் வேண்டும். ஏற்ற பிறகுதான் சம்பளப் பிடித்தமும் மற்றதும்.

நெறியாளர்

தனிநபர்களின் பெயர், முகவரி, வழக்கு எண் எதையும் பதிய வேண்டாம். "அவர் எந்த நிறுவனத்தில் வேலை செய்கிறார் தெரியுமா" என்று தொடங்கிய இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன்.

கண்டிப்பு | மிச்சிகன்

ஒரு சந்தேகம். கட்டாதவர்களைச் சிறையில் போடும் வழக்கம் இங்கும் இருக்கிறதே. அதைவிட உரிமத்தை முடக்குவது மென்மையானதுதானே? பிறகு ஏன் இத்தனை புலம்பல்?

நடைபாதை

சிறைக்கு அனுப்பும் முன் என்னால் கட்ட முடியுமா என்று நீதிபதி கேட்பார் ஐயா. இந்த உறையை அனுப்பியவர்கள் கேட்கவில்லை.

கோப்புக்காரி | ஹூஸ்டன்

அவர் சொல்வதற்கு அடிப்படை உண்டு. தென் கரோலினாவிலிருந்து போன டர்னர் எதிர் ராஜர்ஸ் வழக்கில் 2011இல் உச்ச நீதிமன்றம், அரசே வழக்கறிஞர் வைத்துத் தரவேண்டிய கட்டாயம் இல்லை, ஆனால் கட்டும் வசதி இருக்கிறதா என்பதைச் சரியாக விசாரிக்கும் ஏற்பாடு இல்லாமல் சிறையில் அடைக்கக் கூடாது என்றது. உரிம விஷயத்தில் பல இடங்களில் நிலுவைக் கணக்கே தொடக்கம். வசதி இல்லை என்பதை நீங்கள்தான் விசாரணை கேட்டுப் போய்ச் சொல்ல வேண்டும். கேட்காவிட்டால் வசதி இருப்பதாகத்தான் காகிதம் பேசும்.

நடைபாதை

விசாரணை கேட்டு இன்று காலை கடிதம் அனுப்பிவிட்டேன். இன்னொரு சிக்கல். டெக்சாஸில் ஒரு வேலை கிடைக்கும் போலிருக்கிறது, பழைய சம்பளத்தில் பாதி. ஆணை போட்ட மாநிலத்திலேயே மகனும் அவன் தாயும் இருக்கிறார்கள். தொகையைக் குறைக்க நான் டெக்சாஸில் மனு போடலாமா?

மீனாட்சி | மிசௌரி

குறைக்கக் கேளுங்கள், தவறில்லை. ஆனால் கேட்டுவிட்டு, முடிவு வரும்வரை கையில் உள்ளதை அனுப்பிக்கொண்டே இருங்கள். 40 டாலரானாலும் சரி. எதுவுமே வராத மாதமும் கொஞ்சம் வந்த மாதமும் எங்களுக்கு ஒன்றல்ல. எதிரே அமர்ந்திருப்பவளாகச் சொல்கிறேன்.

கோப்புக்காரி | ஹூஸ்டன்

டெக்சாஸில் போட முடியாது. ஆணை பிறப்பித்த மாநிலத்தில் பிள்ளையோ பெற்றோரில் ஒருவரோ வசிக்கும்வரை அதை மாற்றும் அதிகாரம் அந்த மாநிலத்துக்குத்தான். நீங்கள் இருவரும் எழுத்தில் ஒப்புக்கொண்டு வேறு இடத்துக்கு மாற்றினால் தவிர. ஆகவே கிளம்பும் முன்பே அங்கே மனுவைக் கொடுங்கள். தொலைபேசி வழியாக விசாரணையில் கலந்துகொள்ள இடம் உண்டா என்று கேளுங்கள், பெரும்பாலும் இருக்கும்.

புது நிறுவனம் உங்களைச் சேர்த்த 20 நாளுக்குள் அரசிடம் பதிவு செய்யும். அந்தத் தகவல் தேசியப் பதிவேட்டுக்குப் போய், சம்பளப் பிடித்த ஆணை உங்கள் நிறுவனத்தைத் தேடி வரும். வரும்வரை காத்திருக்காமல் நீங்களே வழக்கு அதிகாரியிடம் நிறுவனத்தின் பெயரைக் கொடுத்துவிடுங்கள். அந்தத் தேதியுடன் கூடிய கடிதத்தின் நகலை விசாரணைக்கு எடுத்துப்போங்கள். சம்பளப் பிடித்தம் தொடங்கிவிட்டால் உரிமத்தை முடக்கும் நடவடிக்கையை நிறுத்திவைக்கச் சொல்லிக் கேட்க அதைவிட நல்ல தாள் இல்லை.